கம்ப்யூட்டர் எழும்பவில்லையா? கணக்கு எங்கேயும் போகவில்லை!

அரூரில் நடந்த நமது கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில், கணக்குக் குழுவின் சார்பில் பேசியது. அன்றைக்கு வர முடியாத சகோதரிகளுக்காக எழுத்தில் தருகிறோம்.



இன்றைக்கு நாங்கள் வட்டியைப் பற்றியோ வங்கிக் கடனைப் பற்றியோ பேச வரவில்லை. அலுவலக மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறோமே, அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "அது கணக்கு எழுதுற பொண்ணு வேலை, நமக்கென்ன?" என்று சில அக்காமார்கள் நினைக்கலாம். அதற்குள் இருப்பது நம்ம காசு, நம்ம கையெழுத்து, நம்ம ஆதார் நம்பர். அதனால் அது எல்லோருக்கும் உள்ள வேலைதான்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களை அரசுத் திட்டமாக முதன்முதலில் ஆரம்பித்தது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-இல், ஐஃபாட் என்கிற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்திருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்தக் காலத்தில் கணக்கு என்றால் நோட்டும் பேனாவும் ஒரு தகரப் பெட்டியும்தான். பல குழுக்களில் பெட்டி ஒருத்தர் வீட்டில் இருக்கும், சாவி இன்னொருத்தர் வீட்டில் இருக்கும். யாருடைய பணம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பெட்டி மாறிவிட்டது. சேமிப்பு, கடன், வட்டி, சந்தா எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஒருநாள் காலையில் சுவிட்சைப் போட்டால் அது எழும்பவில்லை என்று வையுங்கள். உடனே இரண்டு பயம் வரும். ஒன்று, "ஐயோ, கணக்கெல்லாம் போச்சு!" இன்னொன்று, "யாரையாவது கூப்பிடுங்க, அவங்க சொல்றதைக் கேட்டுக்கலாம்." இந்த இரண்டு பயமும் தேவையில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம். கம்ப்யூட்டர் எழும்பாமல் போவது வேறு, கணக்கு அழிந்து போவது வேறு. பல நேரம் கணக்கு உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். எழுப்பப் போகிறோம் என்று நாம் பதறிச் செய்கிற காரியத்தில்தான் அது அழியும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

நம்ம கூட்டம் மாதிரிதான்

கம்ப்யூட்டர் எப்படி எழும்புகிறது? நம்ம குழுக் கூட்டம் எப்படி ஆரம்பிக்கிறது என்று யோசித்தால் இது சுலபமாகப் புரியும்.

முதலில் ஒருத்தர் வந்து கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறார். அடுத்து வருகைப் பதிவு எடுக்கிறோம். பிறகு பீரோவைத் திறந்து தீர்மானப் புத்தகத்தை எடுக்கிறோம். கடைசியில் கூட்டம் நடக்கிறது.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். முதலில் கரண்ட் வருகிறது. சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் கரண்டை, பெட்டியின் பின்பக்கம் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்கிற பாகம் 12, 5, 3.3 வோல்ட் என்று சின்னச் சின்னதாக மாற்றிக் கொடுக்கிறது. இது கதவு திறக்கிற படி. அடுத்தது வருகைப் பதிவு. "ரேம் இருக்கா? கீபோர்டு இருக்கா? திரை இருக்கா?" என்று கம்ப்யூட்டர் தன் உறுப்புகளைத் தானே கேட்டுப் பார்க்கும். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதே இந்தச் சோதனை அதில் இருந்தது. மூன்றாவது, ஹார்டு டிஸ்க்கைத் தேடிப் போகிறது. அதுதான் நம்ம பீரோ. கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான்காவது, அந்த பீரோவிலிருந்து விண்டோஸை எடுத்து ஓட விடுகிறது. அப்போதுதான் நமக்குத் தெரிந்த திரை வரும்.

ஆகவே கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்றால் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் படியில் நின்றது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைக்காரரிடம் பேசுவதற்கும் நம்மிடம் வார்த்தை இருக்கும்.

முதல் படி: விளக்கே எரியவில்லை

பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, காற்றாடிச் சத்தமும் இல்லை. இது கரண்ட் பிரச்சினை. கணக்குக்கு இதில் ஆபத்து குறைவு.

முதலில் அந்தப் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் சுவரில் கரண்ட் இருக்கிறது. அடுத்தது யு.பி.எஸ். அதன் பட்டன் போட்டிருக்கிறதா? யு.பி.எஸ். பாட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில் பலம் குறைந்துவிடும். அதனால் ஒருமுறை யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு, நேராகச் சுவர்ப் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழும்பினால் குறை யு.பி.எஸ்.ஸில்தான். பழுது பார்க்க வேண்டியது அதைத்தான், கம்ப்யூட்டரை அல்ல.

பெட்டியின் பின்பக்கம் கரண்ட் வயர் சேருகிற இடத்தைப் பாருங்கள். கூட்டிப் பெருக்கும்போது இழுபட்டு லூசாகியிருக்கும். அதன் பக்கத்திலேயே ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்ட சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் பக்கம் என்றால் ஆஃப். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய இன்னொரு சிவப்புச் சுவிட்சும் இருக்கும். அது எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் அதைத் தள்ளி 115-க்கு மாற்றிவிட்டால், சுவிட்ச் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ். புகைந்துவிடும். அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைப்பது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தும் உயிர் இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கலாம். அதை மாற்றிக்கொள்ளலாம், முழுக் கம்ப்யூட்டரின் விலையில் அது ஒரு சின்னப் பங்குதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நாம் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தேங்கி நிற்கும், உயிருக்கே ஆபத்து. ஈரக் கையோடு எதையும் தொடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இரண்டாம் படி: விளக்கு எரியுது, திரை கறுப்பு

பெட்டியில் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. முதலில் திரையைச் சந்தேகப்படுங்கள். மானிட்டருக்குத் தனி கரண்ட் வயர் உண்டு, தனி பட்டன் உண்டு. "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் திரை நன்றாக இருக்கிறது. பெட்டியிலிருந்து அதற்குச் செய்தி வரவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வயரைக் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, திரும்ப இறுக்கமாகச் செருகுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வருகைப் பதிவில் ஒரு உறுப்பு வராவிட்டால், சில கம்ப்யூட்டர்கள் "பீப் பீப்" என்று சத்தம் கொடுக்கும். எத்தனை சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் பழைய கம்ப்யூட்டரில் திரையும் வராமல் பீப் சத்தம் விடாமல் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ரேம். இது விரலைவிட நீளமான ஒரு பச்சைப் பட்டை. அதன் அடியில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். தூசியும் ஈரக்காற்றும் பட்டு அந்தப் பற்கள் மங்கிவிட்டால், அது உட்கார்ந்திருந்தும் இல்லாத மாதிரிதான்.

நம்ம ஊரு மெக்கானிக்குகள் செய்கிற வைத்தியம் இதற்குச் சரியானதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு முன்பக்கப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் போய்விடும். ரேமின் இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கியை விலக்கி, அதை ஓரத்தில் பிடித்து எடுங்கள். பென்சில் ரப்பரால் தங்கப் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளி, "கிளிக்" என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்தி வையுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். முதல் தடவை செய்யும்போது பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்தால் நம்ம பக்கத்துச் செம்மண் தூசி எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். நடுவில் இருக்கிற காற்றாடிதான் கம்ப்யூட்டரின் மூளையைக் குளிர வைக்கிறது. அது தூசியில் அடைத்துக்கொண்டால், கம்ப்யூட்டர் எழும்பி, கொஞ்ச நேரத்தில் சூடாகித் தானாகவே அணைந்துவிடும். "கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் நின்னுபோகுது" என்றால் முதலில் இதைப் பாருங்கள். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால், காற்றாடி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடைக்கலாம். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் படி: எழுத்து வருது, அதோட நிக்குது

கறுப்புத் திரையில் இங்கிலீஷ் எழுத்து வந்து அப்படியே நின்றுவிடும். படிக்கத் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். யாரிடம் காட்டினாலும் அது உதவும்.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கிற முதல் காரணம் சிரிப்பை வரவழைக்கும். பென்டிரைவைச் செருகி வைத்துவிட்டு அணைத்திருப்போம். காலையில் கம்ப்யூட்டர் பீரோவுக்குப் போகாமல் பென்டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும். முன்பு பிளாப்பி இருந்த காலத்திலும் இதே கதைதான். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்டால் எழும்பிவிடும். செலவு ஒரு பைசா இல்லை.

இரண்டாவது காரணம், தேதி. "டேட் அண்டு டைம்" என்று எழுத்து வந்து, எஃப் 1 பட்டனை அழுத்தச் சொல்லும். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பாட்டரி இருக்கிறது. பெரும்பாலும் அதன் மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும்; 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இடிக்குப் பயந்து நாம் இரவில் பிளக்கைப் பிடுங்கி வைக்கிறோம், அது சரிதான். ஆனால் அந்த நேரம் முழுதும் இந்தப் பாட்டரி ஒன்றுதான் வேலை செய்கிறது என்பதால் அது சீக்கிரம் தீரலாம்.

"எஃப் 1 அழுத்தினா வந்துடுதே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடாதீர்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அப்படியே ஒரு உறுப்பினரின் தவணையை வரவு வைத்தால் என்ன ஆகும்? 10,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 ரூபாய். கட்டிய தேதி தப்பாகப் பதிந்தால், கட்டியவருக்கே பாக்கி காட்டும், இல்லாவிட்டால் கணக்கே குழம்பும். மாதம் தவறாமல் கட்டுகிற ஒரு பெண்ணுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். வங்கியின் இணையப் பக்கமும், தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பு இல்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். ஆகவே கம்ப்யூட்டர் எழும்பியதும் முதல் வேலை, மூலையில் இருக்கிற தேதியைப் பார்ப்பது. தேதி மாறியிருந்தால் அதைச் சரி செய்யாமல் ஒரு ரூபாய்கூட வரவு வைக்கக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் கவனமாக இருக்க வேண்டியது. ஹார்டு டிஸ்க் தெரியவில்லை என்று சொல்லும். வயர் லூசாகியிருந்தால் சரி செய்துவிடலாம். ஆனால் பெட்டிக்குள்ளிருந்து "டக்... டக்... டக்..." என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். டிஸ்க்குக்குள் இருக்கிற சுழலும் தட்டை, அதைப் படிக்கிற முள் சரியாகப் படிக்க முடியாமல் திணறுகிறது. "இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்று போடப் போடத் தட்டில் கீறல் விழும். கணக்கை மீட்க வாய்ப்பு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். புது மாதிரி எஸ்.எஸ்.டி. என்கிற டிஸ்க்கில் தட்டு கிடையாது, சத்தமும் வராது. அது சொல்லாமல் கொள்ளாமல் போகும். அதனால் அதற்கு நகல் இன்னும் அவசியம்.

நான்காம் படி: விண்டோஸ் வரும் வழியில் நின்றது

விண்டோஸ் படம் வருகிறது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அல்லது நீலத் திரை வந்து திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இங்கே பொருள் கெடவில்லை, எழுத்துதான் கெட்டிருக்கிறது. வேலை நடுவில் கரண்ட் போனாலோ, அப்டேட் ஆகும்போது யாராவது பிளக்கைப் பிடுங்கினாலோ, வெளியே பல கம்ப்யூட்டரில் போட்ட பென்டிரைவிலிருந்து வைரஸ் வந்தாலோ இப்படி ஆகும்.

விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்றால், எழும்பும்போது எஃப் 8 பட்டனைத் தட்டினால் "சேஃப் மோடு" என்று வரும். அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழும்புகிற வழி அது. விண்டோஸ் 10, 11 என்றால், அடுத்தடுத்து எழும்ப முடியாமல் போனால் தானாகவே பழுது பார்க்கும் திரையைக் காட்டும். அதில் "ஸ்டார்ட்அப் ரிப்பேர்" என்பதைத் தரலாம். "ரீசெட்" என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அதில் "ரிமூவ் எவ்ரிதிங்" என்றால் எல்லாமே போய்விடும். "கீப் மை ஃபைல்ஸ்" என்றால்கூட, நாம் போட்டிருக்கிற கணக்கு மென்பொருளை அது நீக்கிவிடும். கணக்கு அந்த மென்பொருளின் கூடவே வைத்திருந்தால் அதற்கும் ஆபத்து.

இது நமக்கு மட்டும் வருகிற கஷ்டம் இல்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி, ஒரே நாளில், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டில் இருந்த பிழைதான் காரணம். விமான நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்!

அதை எப்படிச் சரி செய்தார்கள் தெரியுமா? சேஃப் மோடில் எழுப்பி, தப்பான அந்த ஒரே ஒரு ஃபைலை நீக்கினார்கள். அவ்வளவுதான். டிஸ்க்கில் இருந்த தகவல் எதுவும் அழியவில்லை. அங்கே சிலர் மாட்டிக்கொண்டது வேறு விஷயத்தில். டிஸ்க்குக்கு பிட்லாக்கர் என்று ஒரு பூட்டு போட்டிருந்தது. அதைத் திறக்க 48 இலக்கச் சாவி எண் வேண்டும். அது உடனே கைக்குக் கிடைக்கவில்லை. புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் இந்தப் பூட்டு நாம் கேட்காமலேயே போடப்பட்டிருக்கலாம். வாங்கும்போதே கேட்டு, அந்த எண்ணை எழுதித் தீர்மானப் புத்தகத்தோடு பூட்டி வையுங்கள். எண் இல்லாமல் பூட்டு திறக்காது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். கம்ப்யூட்டர் நின்றாலும் தகவல் இருக்கும். கம்ப்யூட்டர் நின்ற அன்றைக்கு வேலையை நடத்திக்கொடுப்பது கையெழுத்து நோட்டு.

கடைக்குக் கொடுக்கும் முன்

போன கோடையில் நம்ம அலுவலகத்துக் கம்ப்யூட்டரே நான்காம் படியில் நின்றது. வங்கிக்குக் கணக்கு கொடுக்க வேண்டிய வாரம் அது. பார்க்க வந்த தம்பி ஐந்து நிமிடத்தில் சொன்னார்: "ஃபார்மட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஆயிடும்க்கா." அவரைக் குறை சொல்லவில்லை, அவருடைய வேலை கம்ப்யூட்டரை ஓட வைப்பது. கணக்கைக் காப்பது நம்ம வேலை. "முதல்ல உள்ளே இருக்கறதை நகல் எடுங்க தம்பி, அப்புறம் எதை வேணா பண்ணுங்க" என்றோம். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். நம்ம ஃபோல்டர் அப்படியே இருந்தது. நகல் எடுத்து, கடைசி ரொக்கப் புத்தக இருப்போடு ஒத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஃபார்மட். அன்றைக்குச் சரி என்று தலையாட்டியிருந்தால், ஒவ்வொரு உறுப்பினரின் பாஸ்புக்கையும் வாங்கி முதலிலிருந்து எழுதியிருக்க வேண்டும்.

ஃபார்மட் என்றால் என்ன? பீரோவைக் காலி செய்து, புதிதாக அடுக்குவது. அவ்வளவு பெரிய காரியத்தை ஒருத்தர் தலையாட்டி முடிவு செய்யக் கூடாது. 500 ரூபாய் கடனுக்கும் தீர்மானம் போடுகிறோம். கணக்கு முழுவதையும் காலி செய்கிற வேலைக்குத் தீர்மானம் வேண்டாமா?

ஆகவே எங்கள் குழு வைக்கிற யோசனை இது:

1. நகல் எடுத்து, அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, கடைசி இருப்புத் தொகை ஒத்துப்போன பிறகே ஃபார்மட். இரண்டு பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

2. கடைக்கு எடுத்துப் போகும் முன் பெட்டியையும், முடிந்தால் உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க்கின் மேல் ஒட்டிய எண்ணையும் போட்டோ எடுக்க வேண்டும். என்ன குறை, எந்தப் படியில் நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

3. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முக்கியமாகப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விடவே கூடாது. அது செத்தது மாதிரி இருந்தாலும் அதற்குள் நம்ம ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், போட்டோ எல்லாம் இருக்கலாம். அழித்துவிட்டோம் என்று நாம் நினைத்ததையும் தெரிந்தவர்களால் எடுக்க முடியும்.

4. யாராவது தெரியாமல் ஃபார்மட் பண்ணிவிட்டால், அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் ஏற்றாமல் நிறுத்துங்கள். சுழலும் தட்டு வகை டிஸ்க்காக இருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. மேலே மேலே எழுதினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

நோய் வரும் முன்

கரண்ட் நிலையாக இல்லாத ஊரில் கம்ப்யூட்டரை வைத்து வேலை செய்ய முடியுமா என்று முன்பே யோசித்தவர்கள் உண்டு. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. எம்பலம் என்ற கிராமத்தில் ஒரு கோயிலின் ஒரு பகுதியிலேயே மையம் இயங்கியது. நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான் அங்கே கம்ப்யூட்டரை இயக்கினார்கள். கரண்டை மட்டும் நம்பாமல் சூரிய ஒளி மின்சாரத்தையும் சேர்த்தே வைத்தார்கள். இயந்திரம் வாங்கும்போதே அது நின்றால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டார்கள். நாமும் அப்படி யோசிப்போம்.

யு.பி.எஸ். இல்லாமல் கம்ப்யூட்டரை ஓட்டக் கூடாது. யு.பி.எஸ். இருப்பது இன்னும் ஒரு மணி நேரம் வேலை பார்க்க அல்ல. கணக்கைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு. சித்திரை, வைகாசியில் இடி இடித்தால் கரண்ட் பிளக்கையும், இணையத்துக்கு வருகிற வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புது வைரஸுக்குப் புதுத் தடுப்பூசி வராது. அந்த மாதிரி கம்ப்யூட்டரில் கணக்கு மட்டும் எழுதுங்கள். கண்ட பென்டிரைவையும் செருகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் நகல். கணக்கு ஃபோல்டரை இரண்டு பென்டிரைவில் எடுங்கள். ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று பொருளாளர் வீட்டில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒரு திருட்டிலோ ஒரு மழையிலோ இரண்டும் சேர்ந்து போகும். பெட்டி ஒரு வீடு, சாவி ஒரு வீடு என்று அந்தக் காலத்தில் வைத்தார்களே, அதே புத்திதான் இது. வாரம் ஒருமுறை நகலைப் புதுப்பிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது. மாதக் கடைசியில் சேமிப்பு, கடன் பட்டியலை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்கள். உறுப்பினர் பாஸ்புக்கில் கையால் பதிவதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். கம்ப்யூட்டரைத் தொடுவது ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் கல்யாணமாகிப் போனாலோ பிரசவத்துக்குப் போனாலோ நாம் கைகட்டி நிற்போம். ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் இரண்டு பேராவது அலுவலகத்துக்கு வந்து அரை நாள் உட்காருங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற அக்காமார்களும் வாருங்கள். விளக்கு எரிகிறதா, சத்தம் வருகிறதா, எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க இங்கிலீஷ் தேவையில்லை. கண்ணும் காதும் போதும். தேதியையும் நகலையும் சரிபார்ப்பதை மாதக் கூட்டத்தில் ஒரு பொருளாக வையுங்கள். "கணக்கு நகல் எடுத்தாச்சா? திறந்து பாத்தாச்சா?" என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினரும் எழுந்து கேட்க வேண்டும். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குள் இருப்பது உங்கள் பணம்.